கீழே இறங்கும் முதல் கிழங்கு

நம்ம பளியர் சனம் கிழங்கு தோண்டித் தின்ன காலத்துல, கூதமலையில குருவன்னு ஒருத்தன் இருந்தானாம். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன். தங்கச்சி பூவாயி குடிசைக்குப் பக்கத்துலயே படுத்துக் கிடப்பானாம். கிழங்கைத் தோண்டினா, கொடியோட தலையை மறுபடி குழியில வச்சு மண்ணு மூடாம எழுந்திரிக்க மாட்டானாம்.

அந்த மலையில காப்பித் தோட்டம் போட ஆளுக வந்தாங்க. மூட்டை சுமக்கக் குதிரைகளைக் கொண்டாந்தாங்க. ரோடு வந்துச்சு, லாரி வந்துச்சு. குதிரைகளை அவுத்து விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கலையாம். அதுக குட்டி போட்டுச்சு, அந்தக் குட்டியும் குட்டி போட்டுச்சு. குடிக்கிற ஊத்துத் தண்ணியைக் கலக்குச்சு. வள்ளிக்கொடியை அடியோட கடிச்சுத் தின்னுச்சு.

கொடி போச்சுன்னா கிழங்கு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? மண்ணுக்குள்ள கிழங்கு கிடக்கு, மண்ணுமேல பிள்ளைக பசியில கிடக்கு.

"சுருக்கு வச்சுக் கொன்னுருவோம்"னானாம் பூவாயி புருஷன் சீரங்கன்.

"முதுகைப் பாருங்க மச்சான். சேணம் தேய்ச்ச தழும்பு. ஒருத்தன் வளர்த்த உசுரு, அவன்கிட்டதான் சேர்க்கணும்"னானாம் குருவன்.

"குட்டிக்கு ஏது தழும்பு?"

"ஆத்தாளுக்கு இருக்குல்ல."

"கொண்டு போய்க் குடு, மடியில வச்சுக் கொஞ்சுவான்!"

நம்ம சனம் சண்டைக்கு நிக்காது. வேற மலைக்கு நடந்துரலாம்னு மூட்டை கட்டிருச்சாம். "ஒரு மழை பொறுங்க"ன்னானாம் குருவன்.

தலைக்குதிரை ஒரு கிழட்டு வெள்ளைப் பெட்டை. கழுத்துல பச்சை பூத்த வெண்கல மணி. மணி போற பக்கம்தான் கூட்டமும் போகும். குருவன் நாள் தவறாம உப்பை உள்ளங்கையில வச்சுக்கிட்டு நின்னானாம். நின்னான், நின்னான், கடைசியில அது வந்து கையை நக்குச்சாம். மணியை அவுத்துத் தன் கழுத்துல மாட்டிக்கிட்டு, பழைய சுமைப்பாதையில இறங்கினானாம். முன்னால மணி, பின்னால கூட்டம்.

அடிவாரத்துல அந்தக் காப்பித் தோட்டக்காரன் பங்களா. கேட்டுல நின்ன கங்காணி சிரிச்சானாம். "என்னடா, கல்யாண ஊர்வலமா?"

"உங்க குதிரைங்க சாமி. மேலயே மறந்துட்டீங்க."

"காட்டுல திரியிறது காட்டுக்குத்தான் சொந்தம். ஓட்டிக்கிட்டுப் போ!"

கேட்டைச் சாத்திட்டானாம். காடு எங்களுதுன்னு நாம சொன்னப்போ இல்லைன்ன அதே வாய்தான்.

குருவன் மலையைப் பார்த்தான். ரெண்டு எட்டு வச்சான். கூட்டமும் ரெண்டு எட்டு வச்சுச்சாம். தான் ஏறினா அதுகளும் ஏறிரும்னு அங்கயே ஒரு கல்லுமேல உக்காந்துட்டானாம்.

மழை பெய்ஞ்சு வள்ளிக்கொடி தலை காட்டினப்போ, பூவாயி இறங்கி வந்தாளாம். "அண்ணா, மணியை எறிஞ்சுட்டு வா."

"எறிஞ்சாலும் அந்தக் கிழவி என் காலடியை மோந்துக்கிட்டே வந்துருவா. கொடி எவ்வளவு ஏறியிருக்கு?"

"என் இடுப்பு மட்டும்."

"நீ போ. பிள்ளைகளுக்குத் தோண்டிக் குடு."

அவன் மேல ஏறவே இல்லையாம். பொழுது சாயும்போது மணியை ஆட்டுவானாம். மேல இருந்து பூவாயி கூவுவாளாம். ஒரு மழைக்காலத்துல அவ கூவிக்கிட்டே இருந்தாளாம், மணி கேக்கலையாம்.

ரோட்டுக்கு அந்தத் தோட்டக்காரன் பேரை வச்சிருக்காங்க. அடிவாரத்துக் கல்லுல எந்தப் பேரும் இல்லை. ஆனா நம்ம மலையில தோண்டுற முதல் கிழங்கை நாம தின்கிறதில்லை, சாமிக்கும் வைக்கிறதில்லை. அது கீழே இறங்கி அந்தக் கல்லுக்குப் போகும். வச்சுட்டு ஒரு தடவை கூவணும். பதில் வராது. வராதுன்னு தெரிஞ்சும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் ஏறணும்.