கையுறையும் வட்ட ரம்பமும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். பேட்டையிலிருந்து முக்கூடல் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவர் மரப்பட்டறையில் வட்ட ரம்பம் ஓட்டுகிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவள் மடியில் புதிதாக வாங்கிய ஒரு சோடி கையுறை.

"ஏட்டி, இதப் போட்டா கையே போயிரும்," என்றார் அவர். அதைக் கேட்டுத்தான் காதைக் கொடுத்தேன்.

"கைக்குக் காவலாத்தான வாங்கிருக்கு? ஒங்க பட்டறை அண்ணாச்சிக்கு விரல் போன பொறவு எனக்கு ஒறக்கமே இல்ல. இதப் போடாம நாளைக்கு வேலைக்குப் போவக் கூடாது."

"பலகை அடுக்கும்போது போடுதேன். ரம்பத்துக்கிட்ட கூடாது. ஓடுத பிளேடு நூலைப் பிடிச்சா கையோட சேத்து உள்ள இழுத்துரும்."

"கிரைண்டர்ல எம் முந்தானை மாட்டுச்சே, அது மாரியா?"

"அதேதான். இது அதவிட வேகம்லா."

அவள் அவர் கையைப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கயிறு?"

அவர் வலது மணிக்கட்டில் கோயில் கயிறு. முடிச்சுக்குக் கீழே நூல் நீளமாகத் தொங்கியது.

"நீ நேந்து கெட்டினது. கழத்துனா சாமிக் குத்தமாயிரும்லா."

"சாமியா வந்து பலகை அறுக்குது? கையக் காட்டுங்க."

முடிச்சைப் பல்லால் பைய நெகிழ்த்தி அவிழ்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள்.

"இதுல கெட்டுங்க. ஒங்களுக்குள்ளத நான் சொமக்கேன்."

அவர் அதை அவள் மணிக்கட்டில் கட்டினார்.

ரம்பம் ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கையுறையைப் பற்றி நான் கேட்டு எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.