ரோடெலின் குரல்

எனக்கு டீ வேண்டாங்க சார். காலையிலிருந்து மூன்று குடித்தாயிற்று, வயிறு எரிகிறது. நீங்கள் குடியுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

என் பேர் ஜஸ்டின். அப்பா அடைக்கலம், இங்கே செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர். ஜங்ஷன் ரோட்டில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த என்னை, மணிலா குருமடத்தில் பாடம் நடத்திய சித்தப்பா சாமியார்தான் அங்கே ஒரு சினிமா கம்பெனியில் சேர்த்துவிட்டார். பத்தொன்பது வருஷம். பிலிப்பைன்ஸ் படங்கள் முப்பத்தொன்றுக்கு நான் எடிட்டர். அவர்கள் பாஷையில் எனக்குக் கனவே வரும். கொரோனாவில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அங்கே எடுக்கிற காட்சிகள் நெட்டில் வரும். மாடியறையில் உட்கார்ந்து வெட்டி அனுப்புவேன்.

இந்தப் படம் பதினொரு மாதம் இழுத்தது. வெள்ளத்தில் கதாநாயகன் அடித்துச் செல்லப்படுகிற காட்சி. நடிகர் ஆறு தடவை கத்திக் கொடுத்தார். ஒன்றிலும் உயிர் இல்லை. டைரக்டர் தினமும் போனில் பிடுங்கினார். எனக்கு உடம்பெல்லாம் அசதி.

ஒரு மத்தியானம் புதுக் காட்சிகள் வந்தன. தண்ணீரில் இருந்தது நடிகர் இல்லை, அவருக்குப் பதிலாகக் குதித்த ரோடெல். நாற்பது வயசு ஸ்டண்ட்காரர். இடுப்புக் கயிறு அவிழ்ந்திருந்தது. 'துலோங், துலோங்' என்று கத்தினார். காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். அவருக்கு அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. கரையில் இருந்தவர்கள் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு நிமிஷம் பத்து நொடி. பிறகு தண்ணீர் மட்டும்.

என் மனைவி ஆன் மேரி சாப்பாட்டுத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள்.

"அந்த ஆளு என்னங்க கத்துறாரு?"

"நடிக்கிறாரு."

"நடிக்கிற மாதிரி இல்லியே. யாருக்காவது போனப் போட்டுச் சொல்லுங்க."

"சோத்த வெச்சிட்டுப் போ."

அவர் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது சார். போன் போட்டு என்ன ஆகப்போகிறது? ஷூட்டிங் முடிந்த பிறகு குடித்துவிட்டு ஆற்றில் இறங்கினார் என்று கம்பெனி போலீஸில் சொல்லிவிட்டது. வேலைக்குப் பயந்து கூட இருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. காட்சியை அழிக்கச் சொல்லி எனக்கு மெசேஜ் வந்தது. அழிக்கச் சொன்னது அவர்கள். அதற்கு முன்னால் குரலை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டது என் யோசனை.

மறுநாள் ரோடெலின் மனைவி மரித்தெஸ் போன் செய்தார். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "என் புருஷன் குடிக்கவே மாட்டார். உங்களுக்கு வந்ததில் அவர் இருக்கிறாரா? ஒரு துண்டாவது?" என்று அவர்கள் பாஷையில் கேட்டார். எதுவும் வரவில்லை என்றேன். அப்போது காட்சி என் எதிரில் திரையில்தான் நின்றிருந்தது. அன்று சாயங்காலம் என்னிடம் இருந்ததையும் மணிலாவில் இருந்த நகலையும் நெட் வழியாகவே அழித்தேன். குரலை நடிகரின் வாயசைவில் பொருத்தினேன். அரை மணி நேர வேலை. டைரக்டர் போனில் அழுதுவிட்டார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

படம் வந்தது. அந்த இடத்தில் ஜனங்களும் அழுதார்கள். அந்தம்மாவும் டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறார். கதாநாயகன் வாயிலிருந்து புருஷன் குரல் வந்திருக்கிறது. இருட்டில் எழுந்து நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். அப்புறம்தான் அங்கே வழக்கு, உங்கள் ஸ்டேஷனுக்குக் கடிதம், எல்லாம்.

ஆன் மேரி பெண்ணாடத்துக்கு அவங்க அம்மா வூட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்குத் தெம்பில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். குரல் ரோடெலுடையது. அதைப் படத்தில் வைத்தது நான். ஆதாரத்தை அழித்ததும் நான். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

வருத்தமா? இருக்கிறது சார், இல்லாமல் எப்படி. கடைசி 'துலோங்'கில் தண்ணீர் வாய்க்குள் போகிற சத்தம் லேசாகக் கேட்கும். அரை நொடி முன்னால் வெட்டியிருக்க வேண்டும்.