பதினெட்டு வருடம் நான் கூப்பிடாத பெயர்

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும், ஆமாம், உண்மையாகவே நிறைத்து வீற்றிருக்கும் நம் பூச்சந்தைச் சங்கத் தலைவர், பெரியவர் மைதீன் பிச்சை அவர்களே! பனி விலகுமுன் பூப் பறித்து, பஸ் பிடித்து, பாரம் இறக்கி, ஊர் பல் விளக்குவதற்குள் பாதி உழைப்பை முடித்துவிடும் உழவர் பெருமக்களே! நார் எடுத்த கையால் நாலு பேர் வயிற்றை நிறைக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, நான் வாயைத் திறக்குமுன்பே மூன்று கொட்டாவி விட்டுவிட்ட என் ஆருயிர் நண்பர் சடையாண்டி அவர்களே! உங்கள் அனைவரையும், இந்தச் சந்தையின் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருபது வருடமாக நின்றுகொண்டிருக்கும் ஆனந்த்ராஜ் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

என்ன அங்கே கூச்சல்? "ஆனந்த்ராஜா? அது யாரு?" என்றா? நியாஸ், உன் குரல் எனக்குத் தெரியாதா? சரி, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டவாய்! ஓட்டவாய் ஆனந்த்ராஜ்! இப்போது திருப்தியா?

தலைவரின் உடம்பைச் சொன்னதும் சிரித்தீர்கள். என் வாயைச் சொன்னதும் விசிலடித்தீர்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

நம் சந்தையில் பட்டப்பெயர் இல்லாத மனிதன் உண்டா? பூ இல்லாத கூடை உண்டு, பட்டம் இல்லாத ஆள் உண்டா? ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை, ஒருவர் கருவாயன், ஒருவர் மொட்டை! இதோ முன்னால் உட்கார்ந்திருக்கும் ராமுத்தாய் அக்கா, தினமும் விடியக்காலையில் என்னைப் பார்த்துச் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எடுபட்ட பயலே, செத்த நேரம் அந்த மைக்கை மூடுறா, காது கிழியுது!" அதைச் சொல்லிக்கொண்டே ஒரு டீயை என் கையில் திணிப்பார். அந்த வசவு இல்லாவிட்டால் அந்த டீ எனக்கு இனிக்காது. அக்கா, வைதுகொண்டே இருங்கள். உங்களை யாரும் திருத்த வரவில்லை.

ஆனால் அன்பர்களே, எல்லா வசவும் இனிக்குமா? எல்லாக் காதும் ஒரே காதா?

என் வேலை உங்களுக்குத் தெரியும். யார் பூ வந்து இறங்கினாலும் மைக்கில் கூவ வேண்டும். இன்னார் மல்லி வந்துருச்சு, இன்னார் செவ்வந்தி வந்துருச்சு, எடுக்கிறவுக வாங்க! எரியோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சம்பங்கிக்காரர் வருவார். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் வலுவிழந்தவர். அந்தக் காலோடு மூட்டையைத் தோளில் ஏற்றி, ஒருநாள் தப்பாமல் வருவார். அவரை நான் மைக்கில் எப்படிக் கூப்பிட்டேன்? அந்தச் சொல்லை இந்த மைக்கில் இன்று ஒரே ஒரு முறை சொல்கிறேன். சொல்லாமல் கதை புரியாது. "நொண்டி சம்பங்கி வந்துருச்சு, எடுக்கிறவுக வாங்க!"

பாருங்கள், இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பதினெட்டு வருடம்! அவர் திரும்பிப் பார்ப்பார். கையை உயர்த்துவார். "வந்துட்டேன்டா ஓட்டவாயா" என்பார். என் தட்டில் இருந்து இட்லியை எடுத்துத் தின்பார். என் அம்மா செத்தபோது, முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஆள் அவர்தான். கூடை நிறையச் சம்பங்கி கொண்டுவந்து, தானே உட்கார்ந்து மாலை கட்டி முடித்தார். அப்படிப்பட்ட சிநேகிதன் ஐயா! அந்த உரிமையில்தான் கூப்பிடுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆவணியில், முகூர்த்த நாள் ஒன்றில், அவரோடு ஒரு பெண்பிள்ளையும் வந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று மூட்டை தூக்க வந்திருக்கிறாள். மைக் கூண்டுக்குள் நின்ற எனக்கு அது தெரியாது. வழக்கம்போல முழங்கினேன். அன்றைக்குக் கை உயரவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டு பஸ் மாறி நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகிறார் என்று. பக்கத்திலிருக்கும் சந்தையை விட்டுவிட்டு, அந்தக் காலோடு, அந்தச் சுமையோடு, இரண்டு பஸ்! வழியிலேயே பூ பாதி வாடிவிடும். எதற்காக? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கிளம்பிவிட்டேன். எரியோட்டில் இறங்கி, ஒரு டீக்கடையில் கேட்டேன். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படிச் சொல்லி இங்க யாரையும் கேக்காதீக. ஆளு பேரு என்ன?"

பேர்!

அன்பர்களே, வாயை மூடத் தெரியாதவன் என்று பேரெடுத்த இந்த வாய் அன்றுதான் மூடிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு மாலை கட்டியவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவர் ஊரில் ஒருவரும் அவரை அந்தப் பட்டப்பெயரால் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரைப் பெற்றதும் நம் சந்தைதான், வளர்த்ததும் என் மைக்தான்.

கடைக்குப் பால் வாங்க வந்த பெண் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க தேடுறது எங்க அப்பாவைத்தான்" என்றாள். "எப்படித்தா கண்டுபிடிச்ச?" என்றேன். "உங்க குரலை மறக்க முடியுமா? வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளை மரியாதையாகச் சொன்னது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோட்டத்தில் அவர் பூப் பறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா அப்பு, சாப்டியா?" என்றார். "ஏன்ப்பா வரல? எம்மேல கோவமா?" என்றேன். பறிப்பதை நிறுத்தவில்லை. சொன்னார்: "ஒம்மேல எனக்கென்ன கோவம்? நீ பாசமாத்தேன் கூப்புட்ட, எனக்குத் தெரியாதா? ஆனா எம் மககிட்ட சின்னப் பிள்ளையில இருந்து ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன். சந்தையில எல்லாரும் என்னைய ஒச்சப்பண்ணே, ஒச்சப்பண்ணேன்னுதேன் கூப்புடுவாகன்னு. அன்னைக்கு அவ முன்னாடி நான் பொய்க்காரனாப் போயிட்டேன். அம்புட்டுத்தேன்."

அம்புட்டுத்தேன் என்றார். பதினெட்டு வருட வலியை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அந்த மனுஷன்.

என்ன தலைவரே, துண்டுச்சீட்டு? "சாப்பாடு ஆறுது" என்றா? ஆறட்டும் ஐயா, எனக்கு இன்னும் ஆறவில்லை.

"என்னை ஓட்டவாய் என்கிறார்களே, நான் கோபித்தேனா?" என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். என் பட்டம் நான் பேசிப் பேசிச் சம்பாதித்தது. நாளைக்கே வாயை அடக்கினால் அது உதிர்ந்துவிடும். அவர் எதை அடக்குவார்? ஒன்றரை வயதுக் குழந்தை எதைச் சம்பாதித்தது? பாசமாகச் சொன்னேன், பாசமாகச் சொன்னேன் என்கிறோமே, பாசம் நம் வாயில் இருந்தால் போதுமா? அவர் காதிலும் அது பாசமாக விழ வேண்டாமா? அதை ஒருநாளாவது கேட்டோமா? சிநேகிதன் என்று சொல்லிக்கொண்ட நான் கேட்டேனா?

நம் சங்கத்தின் இந்த விழாவுக்கு அழைப்பிதழை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். உறையின் மேல் அவர் முழுப் பெயரை எழுதினேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து என் கண் உங்களுக்குள் அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. இருந்தால் சரி. இல்லாவிட்டாலும், அந்தப் பெயர் ஒரு தடவையாவது இந்த மைக்கில் ஒலிக்கட்டும். கூண்டுக்குள் நிற்கிற மாதிரியே கூவுகிறேன்.

எரியோடு ஒச்சப்பண்ணன் சம்பங்கி வந்துருச்சு... எடுக்கிறவுக வாங்க!

யாரு? கடைசி வரிசையில் யாரோ எழுந்திருக்கிறாரா? வழி விடுங்கள்! அந்த நாற்காலியை நகர்த்துங்கள்! ஆமாம், அவர்தான். பக்கத்தில் மகள் தமிழ்மதி. அண்ணே, மெதுவா வாங்க. யாரும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவர் நடந்து வருவார். பதினெட்டு வருடம் பொறுத்தவர் அவர், நாம் செத்த நேரம் பொறுக்க மாட்டோமா?

என்னண்ணே? சத்தமாச் சொல்லுங்க, கேக்கல!

கேட்டீர்களா சபையோரே? "ஓட்டவாயா, போதும்டா, பூ வாடுது!" என்கிறார். ஆவணியிலிருந்து இந்த வசவைக் கேட்க என் காது தவித்துக் கிடந்தது! தினமும் வையுங்கண்ணே, என் முழுச் சம்மதம்.

எம்மா தமிழ்மதி, உங்க அப்பா உன்கிட்டச் சொன்னது இன்னையில இருந்து பொய் இல்லம்மா. நாளைக்குக் காலையில வந்து நீயே கேட்டுக்க.

பொறுமையாய்ச் செவி கொடுத்த பெரியோருக்கும், வசவு மாறாத என் ராமுத்தாய் அக்காவுக்கும், சாப்பாட்டை ஆறவிட்ட தலைவருக்கும் நன்றி. அண்ணன் மேடைக்கு வந்துவிட்டார். என் வணக்கத்தை அவர் காலடியில் வைத்து அமர்கிறேன்.