தண்ணீர்த் தொட்டி தெரியும் அறை

டீக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் அக்கா சந்திரம்மாளை ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு முழங்கால் வலி, சாய்வதற்கு ஏதாவது இருந்தால் தேவலை. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்து தங்களை ஏமாற்றிவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் அவள்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை என்பது உண்மை. திறக்க முடியாமல் செய்தவன் நான். அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அறை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், இந்த ஊர்த் தீபம் உங்களுக்குப் புதிது. கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள். அதைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு மலை தெரிகிற அறை வேண்டும். ஆடி மாதமே அந்த அறைகளெல்லாம் போய்விடும். எனக்கு மலை தெரியாத அறை வேண்டியிருந்தது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, தேடிப் பாருங்கள் தெரியும். இந்த மலை எந்தச் சந்தில் போய் நின்றாலும் தலையை நீட்டிவிடும். ஒரு லாட்ஜில் குளியலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இன்னொன்றில் ஜன்னல் எதிர்ப்பக்கம்தான், ஆனால் பீரோக் கண்ணாடியில் தெரிந்தது. கடைசியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து லாட்ஜில், மானேஜர் பலராமன் தயங்கித் தயங்கிக் கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் திறந்து காட்டினார். ஜன்னலைத் திறந்தால் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பின்னால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த ரூம்ல மலையும் தெரியாது, தீபமும் தெரியாது. வர்றவங்க சண்டைக்கு வர்றாங்கன்னு தீபத்தப்போ இத யாருக்கும் குடுக்கறதே இல்ல."

"சுத்தமா தெரியாதுல்ல?"

"சுத்தமா தெரியாது சார்."

"எட்டிப் பாத்தா?"

"தொட்டி மேல ஏறினாதான் சார்."

அக்காவுக்கு முழங்கால் வலி என்று சொன்னேன் அல்லவா. அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம் ஒன்று இருந்தது, அதற்கு ஜன்னலே கிடையாது. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பலராமன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அந்தப் பார்வையையும் சொல்வார், உண்மையைத்தான் சொல்வார்.

நான் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், வீடும் அங்கேதான். நிலம் சம்பந்தப்பட்ட கோப்புகள். ஆட்சேபணை உள்ளவர்கள் கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டுவோம். கெடு முடிகிற வரைக்கும் யாரும் வரவில்லையென்றால் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவோம். இவ்வளவு வருஷத்தில் எனக்குப் பிடித்த வாசகம் அதுதான். எத்தனை சண்டையை அது மிச்சப்படுத்துகிறது தெரியுமா?

என் மனைவி இறந்தபோது மகள் மதிவதனிக்கு நான்கு வயது. அவளைத் தூக்கி வளர்த்தது அக்கா. அடி அண்ணாமலையில் அவளுக்கு வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. ஒரே மகன் சக்திவேல், டிராக்டர் மெக்கானிக். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, என்னைக் கண்டால் மாமா மாமா என்று ஓடிவருவான். அத்தை மகன் என்பதால் மதிவதனிக்கு அவன்தான் முறைப்பையன். எனக்கு அதில்தான் சங்கடம். பெண்ணை பி.எஸ்ஸி. படிக்க வைத்துவிட்டு, நகத்தில் கிரீஸ் போகாத மாப்பிள்ளையைக் கட்டி வைப்பதா? பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற இனியன் என்ற பையனின் ஜாதகம் வந்தது. பொருத்தமெல்லாம் அம்சமாக இருந்தது. பையனுடைய அப்பா அருணகிரி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"அத்தை மொறை இருக்கற பொண்ணுங்க. நாளைக்கு அந்தம்மா வந்து, எம் பையன் இருக்கும்போது எப்படிக் குடுத்தீங்கன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. தட்டு மாத்தறப்ப அந்தம்மா சபைல உக்காந்திருக்கணும். வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாங்கன்னா நாங்க எழுந்து போயிடுவோம்."

நியாயமான பேச்சு. அக்கா சபையில் உட்கார வேண்டும், ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது. இந்த இடத்தில்தான் தீபம் வருகிறது.

சக்திவேலுக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டான் என்றே சொல்லிவிட்டார்கள். அக்கா அண்ணாமலையானுக்கு வேண்டிக்கொண்டாள், பையன் பிழைத்தான். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தீபத்தன்று விடிந்தது முதல் மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் பேச மாட்டாள். நடுவில் ஒரு சொல் வாயிலிருந்து வந்தாலும் மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். எழுதிக் காட்டலாமே என்பீர்கள், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடி அண்ணாமலையில் அவள் வீட்டு வாசலில் நின்றாலே மலை முழுசாகத் தெரியும். அங்கே இருந்தால் தீபம் ஏறிய அடுத்த நிமிஷம் பேசிவிடுவாள். அதனால்தான் ஊருக்குள் அறை எடுத்தேன்.

தீபத்துக்கு முதல் நாள் அக்கா வேங்கிக்காலுக்கு என்னைத் தேடி வந்தாள். வந்ததும் வராததுமாக, "டேய் அப்பாசாமி, மதிவதனி விஷயமா ஒண்ணு பேசணும்டா" என்றாள். ஆபீசில் தலைக்கு மேல் வேலை, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றேன். "நாளைக்கு நான் வெரதம்டா. சரி, தீபத்தப் பாத்ததும் சொல்றேன். நீ கேட்டுத்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முறை பேச வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாவமாகவும் இருந்தது. ஆனாலும் கெடு என்றால் கெடுதான்.

மறுநாள், மாப்பிள்ளை வீட்டார் தீபம் பார்க்க வருகிறார்கள், நீயும் வா என்று சொல்லி ஆட்டோ வைத்து அழைத்து வந்தேன். தட்டு மாற்றப் போவதைச் சொல்லவில்லை. தீபத்தன்று வெளியூர் வண்டிகளை ஊருக்குள் விட மாட்டார்கள் அல்லவா, அருணகிரி வீட்டு வேன் வேங்கிக்காலிலேயே நின்றுவிட்டது. அதற்குக் காவலாக சக்திவேலை உட்கார வைத்தேன். அங்கிருந்து மலை பிரமாதமாகத் தெரியும். அந்த வகையில் அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

லாட்ஜ் வாசலில் டி.வி. ஒன்று இருந்தது. தீபத்தை டி.வி.யில் பார்த்தால் விரதம் முடியுமா, முடியாதா? ஐயருக்கே சந்தேகமான கேள்வி. எதற்கு வம்பு என்று ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஊரே அரோகரா என்று அதிர்ந்தது. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். அக்காவும் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். நான் குறுக்கே நின்றேன்.

"இருக்கா, கூட்டத்துல மிதிபட்டுடுவ. கொஞ்சம் கலையட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

நான் பொய் சொல்லவில்லை, பிறகு கூட்டிக்கொண்டுதான் போனேன். மதிவதனி மட்டும் மாடிக்குப் போகாமல் வந்து நின்றாள். "அப்பா, அத்தைய தெரு மொனை வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேம்பா. ரெண்டே நிமிஷம்" என்றாள். தலை நிறையப் பூவும் பட்டுப் புடவையுமாக இந்த நெரிசலில் எங்கே போவாய் என்று அதட்டினேன். அவள் அக்காவைப் பார்த்தாள், அக்கா அவளைப் பார்த்தாள். நான் தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மாடியிலிருந்து எல்லோரும் விபூதியும் சிரிப்புமாக இறங்கி வந்தார்கள். தட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அக்காவுக்கு விஷயம் விளங்கியது. மதிவதனியைக் காட்டினாள், வேங்கிக்கால் பக்கம் கையை நீட்டினாள், கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடுவதுபோல் காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அருணகிரி.

"தாலி கட்டறது வேங்கிக்கால்ல எங்க புது வீட்டு வாசல்லயே இருக்கணும்னு அக்காவுக்கு ஆச."

"அதுக்கென்னங்க, ஜமாய்ச்சுடலாம்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பெண்ணுக்குக் குங்குமம் வைக்க மறந்துவிட்டோமாம் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்து மதிவதனிக்குக் குங்குமம் வைத்தார். கடைசியாக அக்கா வலது கைக் கட்டைவிரலை இடது உள்ளங்கையில் அழுத்தி அழுத்திக் காட்டினாள், கண்ணில் தண்ணீர். "முத்திர குத்தின மாதிரி நிச்சயம் ஆயிடுச்சாம், சந்தோஷத்துல அழறாங்க" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சிரிக்காதீர்கள் ஐயா, அந்த நேரத்தில் அது எனக்கே நம்பும்படியாகத்தான் இருந்தது. தட்டு மாற்றினோம்.

அதற்குப் பிறகு, கொடுத்த வாக்குப்படி அக்காவின் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு அழைத்துப் போனேன். மரியாதைக்கு அருணகிரியும் கூடவே வந்தார். அவர் வருவாரென்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டடம் விலகியதும் மலைமேல் தீபம் தெரிந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"அடப்பாவி! எம் பையனும் உம் பொண்ணும் ஆவணியிலயே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிச்சிங்கடா. சாட்சிக்கு நான்தான் கைநாட்டு வெச்சேன். உன்னப் பாத்தா பயமா இருக்கு, நீங்களே அப்பாகிட்டச் சொல்லுங்க அத்தைன்னு உம் பொண்ணு என் கால்ல விழுந்து அழுதாடா."

அருணகிரி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். மீதியெல்லாம் உங்களிடம் வந்த புகாரில் இருக்கிறது.

மதிவதனி இப்போது அடி அண்ணாமலையில் இருக்கிறாள். நான்கு வயதில் அம்மாவை இழந்த குழந்தை, அவளுக்குக் கூட நான் ஒரு பயமாகத்தான் இருந்திருக்கிறேன். அது மட்டும் மனதை அறுக்கிறது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. எனக்கும் தெருமுனையில்தான் தெரியவந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அப்படியென்றால் அது வெறும் அசட்டுத்தனமாகிவிடும். ஆபீசில் தினம் ஆட்களின் விரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்துகிறவன் நான். அக்கா கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்தினாளே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. முடிச்சு எது, வேங்கிக்காலில் உட்கார்ந்திருப்பவன் யார், எல்லாம் புரிந்துவிட்டது. தட்டு அப்போது என் கையில்தான் இருந்தது, கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஊர் முன்னால் தட்டு மாறிவிட்டால் ரிஜிஸ்டரை ரத்து செய்ய ஒரு வக்கீல் கிடைக்காமலா போவான், இன்னும் கொஞ்ச நேரம் அக்கா தீபத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். எல்லாம் பெண்ணின் நல்லதுக்குத்தான். அதனால் மோசடி என்று எழுதுங்கள், என் பெயரை எழுதுங்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தெருமுனையில் பேசியதுதான், அதன் பிறகு அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விரதம் எதைப் பார்த்தால் முடியும் என்றும் சொல்லவில்லை. உள்ளே வரும்போது பெஞ்சு பக்கத்தில் நின்று, "அக்கா, என்ன மன்னிச்சிட்டல்ல?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.