ஜெனிஸின் குளிசை

எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணி போடுவது நான்தான், ஐயா. மனைவி றஜனி அந்நேரம் பூசைக்குப் போய்விடுவாள். அவளுடைய தம்பி ஜெனிஸுக்குத் தேத்தண்ணியோடு வலிப்புக் குளிசையையும் எடுத்து வைப்பேன்.

மூன்று வருடமாக அவனுக்கு வலிப்பு வரவில்லை. அது குளிசையின் வேலை. அவனோ யூரியூப்பில் எவனோ பேசியதைக் கேட்டுவிட்டு, மனம்தான் தன்னைச் சுகப்படுத்தியது என்று குருநகர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். குளிசை அக்காவின் கரைச்சல் தாங்காமல் விழுங்குவதாம்.

எனக்கு ஐஸ் கொம்பனியில் வேலை போனபோதும் அதே கதைதான்.

"அத்தான், உங்கடை வாயிலை ஒரு நல்ல சொல் வராது. உந்த நெகற்றிவ்தான் உங்களை வீட்டிலை இருத்திப்போட்டுது."

"அப்ப நீ குளிசையை விட்டுப் பாரன்."

"பாத்தியளே, திரும்பவும் நெகற்றிவ்."

றஜனி சிரித்தாள். எனக்கு அதில் கோபமில்லை.

கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று குளிசையை மாற்றினேன். அதே அளவில் ஒரு வெள்ளை விற்றமின். திருவிழா முடியும்வரை, ஒன்பது நாளும், ஜெனிஸ் உட்பட எங்கள் கரையில் யாரும் மீன்பிடித் தொழிலுக்குக் கடலில் இறங்குவதில்லை. விழுந்தால் தரையில்தான் விழுவான், நாலு பேர் பிடிப்பார்கள். அவன் வாய் அடங்கினால் எனக்குப் போதும்.

ஒன்றும் நடக்கவில்லை. திருநாளன்று கோவில் முற்றத்தில், எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை போட்டான்.

"முகத்திலை ஒரு சிரிப்பை வையுங்கோவன் அத்தான். செலவில்லாத மருந்து."

அடுத்த நாள் காலை சரியான குளிசையைக் கையில் எடுத்தேன். திருப்பி அலுமாரியில் வைத்தேன். கொடுத்திருந்தால் வலிப்பு வராமலே போய், அவன் சொன்னது சரி என்று ஆகியிருக்கும்.

திருநாள் முடிந்து மூன்றாம் நாள் தனியாகக் கடலுக்குப் போனான். படகைத் தள்ளிவிட்டது நான். கவனம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் நெகற்றிவ் என்பான் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் படகு ஆளில்லாமல் மிதந்தது. மறுநாள் உடல் ஒதுங்கியது. தவறி விழுந்தான் என்று முடித்துவிட்டார்கள். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. செத்தவீட்டில் பக்கத்து வீட்டு யாகோப்பு அண்ணை எழும்பி நின்று, "வலிப்பு வருத்தத்தையே மனத்தாலை வெண்ட பிள்ளை" என்று அழுதார். சனம் ஓம் ஓம் என்றது.

அதைக் கேட்டபிறகுதான் இங்கே பொலிசுக்கு வந்தேன். அவன் விழுந்ததை யாரும் காணவில்லை, உண்மைதான். என் பெயரில் எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் போடுங்கள், ஐயா. வலிப்பு வந்துதான் விழுந்தான் என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள்.