முன்பக்கத்து இடது கட்டை

— ஏம்மே, அந்தத் தேங்காப்பூத் துண்டு எங்க? சப்பரம் தூக்கத் தோள்ல போடணும்.

— பீரோவுல இருக்குதுங்க. பக்கத்துலயே அரூர் டாக்டர் குடுத்த மூட்டுவலி மாத்திரையும் முட்டிக்கு மாட்டுற பேண்டேஜும் இருக்குது. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே கெளம்புங்க மகாராசா.

— திருவிழா நாளும் அதுவுமா கேலி பண்ணாத சகாயராணி.

— நானா பண்றேன்? கோயில் பசங்க உங்களுக்கு நாற்காலி போட்டிருக்காங்களாம். பெரியவங்க வரிசையில, ஃபேனுக்கு நேரா. பொன்னாடை வேற உண்டாம்.

— பொன்னாடைய அவனுங்களையே போத்திக்கச் சொல்லு. முன்பக்கத்து இடது கட்டை நம்ம வூட்டு எடம்மே. மீசை மொளைச்ச வயசுலேர்ந்து அந்தக் கட்டைக்குத் தோள் குடுக்குறேன். அப்பெல்லாம் எப்படா பெரிய மனுசன் ஆவோம்னு கெடந்தேன். இப்ப பெரிய மனுசன்னு சொல்லியே உக்கார வெக்கிறானுங்க.

— கேட்டது கெடைச்சிருக்குது. கொஞ்சம் லேட்டா.

— எனக்கு என்னாமே கொறைச்சல்?

— ஒண்ணும் கொறைச்சல் இல்லீங்க. ஒசரந்தான். முந்தாநாளு கொடியில காயுற சட்டைய எக்கி எக்கிப் பாத்துட்டு, யாரோ கொடிய ஏத்திக் கட்டிட்டாங்கன்னு தெருவையே கூட்டுனீங்களே.

— நீதான் ஏத்திக் கட்டியிருப்ப.

— ஆமாங்க. எனக்கு வேற வேலை ஏது?

— போன வருசம் நான் தூக்கல? ஊரெல்லாம் சுத்தி வந்தேன், தோள்ல ஒரு செவப்பு கூட இல்ல. பூவாட்டம் இருந்துச்சு. எல்லாம் மாதா கிருபை.

— மாதாவ எதுக்கு இழுக்குறீங்க? உங்களுக்குப் பின்னால அதே கட்டையில நின்னது நம்ம பிரவீன். உங்களவிட ஒரு சாண் ஒசரம். கட்டை அவன் தோள்லதான் உக்காந்துச்சு. உங்க தோள்ல படவே இல்ல. நீங்க சும்மா கையால புடிச்சிக்கிட்டு ஜம்முனு நடந்து வந்தீங்க.

— யாரு சொன்னா உனக்கு?

— யாரு சொல்லணும்? மறுநாளு ஓசூருக்கு வேலைக்குப் போவ முடியாம குப்புறக் கெடந்தான். 'அப்பாவுக்குத் தெரிய வேணாம்மா'ன்னு சொல்லிட்டு, பல்லக் கடிச்சிக்கிட்டு தைலம் தேச்சிக்கிட்டான்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரு பாரத்தை ஒருத்தனா தூக்குனா என்னாவுறது? பெத்த அப்பங்கிட்ட சொல்றதுக்கு என்னா வெக்கம்?

— நீங்க உங்கப்பாகிட்ட சொன்னீங்களா?

— நான் என்னாத்த சொல்றது?

— நான் வாக்கப்பட்டு வந்த வருசம், மாமாவுக்குப் பின்னால நின்னு தூக்கிட்டு வந்து நீங்களும் இப்பிடித்தான் குப்புறக் கெடந்தீங்க. அவருக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனீங்க.

— அது வேற. அப்பாவா பாத்துத்தானே அடுத்த வருசமே கால் வலிக்குதுன்னு ஒதுங்கி எனக்கு முன்னெடம் குடுத்தாரு. அந்த மாதிரி மனுசன் யாரு இருக்கா?

— அவருக்குக் கால் வலியே இல்லீங்க. இப்ப உங்ககிட்ட சொல்ற மாதிரியே, அன்னைக்கி அவருகிட்டயும் நாந்தான் சொன்னேன்.