புஸ் சத்தம் வராத கம்ப்ரஸர்

மாமா: நாலு நாளா ஆள் மேல ஆள் விட்டேன். இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா மச்சான்?

மச்சான்: வேலை இருந்துச்சு மாமா.

மாமா: பட்டறையை விட்டுப் போய் ரெண்டு வாரம் ஆச்சு. அப்படி என்ன வேலை?

மச்சான்: ...வீட்ல ஒரு ஸ்டூலு ஆடிட்டு இருந்துச்சு.

மாமா: ரெண்டு வாரமா ஒரு ஸ்டூலு. அதுக்கும் அடியில பாலிஷ் போட்டிருப்பியே.

மச்சான்: அடியிலதான் பூச்சி முதல்ல ஏறும். உங்களுக்கு மேல பளபளன்னு இருந்தா சரி.

மாமா: ஆரம்பிக்காதே. அதோ நிக்குது உன் செல்லம், போய்ப் பாரு.

மச்சான்: கம்ப்ரஸரா? என்ன பண்ணுது?

மாமா: தெரியாத மாதிரி கேக்கற.

மச்சான்: தெரியாதே. வந்த ஆளு 'மெஷின் மக்கர் பண்ணுது'ன்னு மட்டும்தான் சொன்னாரு.

மாமா: காலையில டேங்க் காலியா இருக்கறப்ப போட்டா சமர்த்தா ஓடும். ரொம்பினதும் தானா நிக்கும். ஒரு நாற்காலிக்கு ஸ்ப்ரே அடிச்சு முடிக்கறதுக்குள்ள காத்து இறங்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகணும்ல... அப்ப ம்ம்ம்னு முக்கும். டப். பிரேக்கர் விழுந்துடும்.

மச்சான்: எக்ஸ்டென்ஷன் வயர் போட்டீங்களா? நீளமான ஒல்லி வயர் இதுக்கு ஆகவே ஆகாதுன்னு எத்தனை தடவை...

மாமா: போடலை. நேரா செவுத்துலதான் சொருகினேன்.

மச்சான்: அதே லைன்ல ரம்பம் ஓடிச்சா?

மாமா: ரம்பம், ஃபேன், ரேடியோ, எல்லாத்தையும் புடுங்கியாச்சு. உங்கக்கா ஃப்ரிட்ஜைக்கூட விடலை.

அக்கா: ஆமா தம்பி, ஒரு சட்டி பால் கெட்டுப் போச்சு. உள்ள வா, சாப்பிட்டுட்டு அப்புறமா பாக்கலாம்.

மாமா: இரு, முதல்ல மெஷின்.

மச்சான்: பிரேக்கரே வீக்கா இருக்கும்.

மாமா: எலக்ட்ரீஷியன் வந்து புதுசு மாட்டினாரு. அதுவும் விழுந்துச்சு. இன்னும் பெரிசா ஒண்ணு மாட்டினா விழாதுன்னாரு. அப்ப வயர் எரிஞ்சா என்ன பண்றதுன்னு கேட்டேன். அது அடுத்து வர்ற எலக்ட்ரீஷியன் வேலைன்னாரு.

மச்சான்: நல்ல மனுஷன். மோட்டார்?

மாமா: காயில் கட்டறவர் வந்தாரு. கெபாசிட்டர் மாத்தினாரு. 'மோட்டார் கல்லு மாதிரி இருக்கு, உங்களைவிட நாள் ஓடும்'னாரு. என்னை ஒரு மாதிரி பரிதாபமா பாத்துட்டுப் போயிட்டாரு.

மச்சான்: ஆக, ரெண்டு பேருக்கும் புரியலை.

மாமா: புரியலை. பதினெட்டு வருஷம் இதோட குடும்பம் நடத்தின உனக்குத்தான் புரியும்.

மச்சான்: பதினெட்டுன்னு சரியா ஞாபகம் இருக்கே. போர்டு எழுதறப்ப மட்டும் மறந்துடுச்சோ?

மாமா: வந்துட்டியா அங்க.

மச்சான்: அங்கிருந்துதானே போனேன். உப்புத்தாளை விரலால தொடாத உங்க புள்ளை பேரு வாசல்ல பெரிசா. அவன் எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்திருக்கான். இங்க வார்னிஷ்லயும் தின்னர்லயும் மூச்சு முட்டினவன் பேரு எங்க மாமா?

மாமா: ...வாயால கேட்டிருக்கலாம்.

மச்சான்: கேட்டேன். 'அடுத்த தடவை பெயின்ட் அடிக்கறப்ப பாப்போம்'னு வாடிக்கைக்காரங்க முன்னாடி சிரிச்சீங்க.

மாமா: சிரிச்சது தப்புதான்.

மச்சான்: என்ன?

மாமா: தப்புன்னேன். ஸ்பேனரை எடு.

மச்சான்: இருங்க, இருங்க. இதை ஓட வெச்சா போர்டுல என் பேரு வருமா?

மாமா: பேரம் பேசறியா?

மச்சான்: உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். நூலகத்து நாற்காலி நாப்பதும் பாலிஷ் படாம வெறும் மரமா நிக்குது. திங்கக்கிழமை லாரி வந்துடும்.

மாமா: அதெல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்க.

மச்சான்: தெரியாம வருவாங்களா?

அக்கா: ஏங்க, அந்த சாக்கைப் பிரிச்சு அவனுக்குக் காட்டினீங்களா?

மாமா: நீ உள்ள போ.

மச்சான்: என்ன சாக்கு? செவுத்துல சாய்ச்சு வெச்சிருக்கறதா?

மாமா: அது சும்மா பலகை. கை வைக்காதே. இந்தப் பக்கம் வா. பேரு வருமான்னு கேட்டல்ல... வரும். நீ மறுபடி இங்க வந்து நிக்கலாம். ஆனா ஒண்ணு. மெஷின் எதனால நின்னுச்சுன்னு எனக்குச் சொல்லணும், உள்ளது உள்ளபடி.

மச்சான்: அவ்வளவுதானே?

மாமா: அவ்வளவேதான்.

மச்சான்: டேங்க் ரொம்பி நிக்கறப்ப புஸ்ஸுனு ஒரு சத்தம் வருதா?

மாமா: முன்னெல்லாம் வரும். ரெண்டு வாரமா இல்லை.

மச்சான்: அதான் விஷயம். நின்னதும் பம்ப்புக்குள்ள தங்கின காத்தை இந்த ஒல்லி டியூப் வெளிய விட்டுடணும். அதான் அந்த புஸ். விடலைன்னா அடுத்த தடவை மோட்டார் அந்தக் காத்தை முட்டிக்கிட்டு எழுந்திரிக்கணும். கழுத்துல ஆளை உக்கார வெச்சுட்டு எழுந்திருன்னா எப்படி? முக்கும், கரண்டைக் கண்டபடி இழுக்கும்... டப்.

மாமா: டியூப் எதனால அடைச்சுது?

மச்சான்: கழட்டினாத்தானே தெரியும். அடியில இருக்கற திருகைத் திறந்து காத்தை விடுங்க... ம்... போதும். உங்க பின்னாடி அலமாரியில சின்ன ஸ்பேனர் இருக்கும், அதை எடுங்க.

மாமா: அதுக்கு நான் திரும்பணும்.

மச்சான்: திரும்பித்தான் எடுக்கணும்.

மாமா: சரி. திரும்பிட்டேன். தேடறேன்... நல்லா நிதானமாவே தேடறேன்... இந்தா.

மச்சான்: வேணாம். கையாலயே வந்துடுச்சு.

மாமா: கையாலயே. உள்ள என்ன இருந்துச்சு?

மச்சான்: துரு.

மாமா: துருவா?

மச்சான்: தண்ணி கோத்து துரு கட்டியிருக்கு. ஊதி விட்டுட்டேன்.

மாமா: வேற ஒண்ணும் இல்லையே?

மச்சான்: வேற என்ன இருக்கும்?

மாமா: இன்னொரு தடவை யோசிச்சு சொல்லு மச்சான். நான் கோவப்பட மாட்டேன்.

மச்சான்: வெறும் துருதான் மாமா. டேங்க்ல சேர்ற தண்ணியை நீங்க ஒழுங்கா வடிக்கறதில்லை.

மாமா: அப்ப என் தப்பு.

மச்சான்: உங்க தப்புதான்.

மாமா: ...சரி, மாட்டிட்டு ஸ்விட்சைப் போடு.

மச்சான்: ஓடுது பாருங்க... ரொம்பட்டும்... ரொம்பட்டும்... நின்னுச்சு. புஸ்! கேட்டீங்களா? இப்ப ஸ்ப்ரே கன்னை அமுக்குங்க. மீட்டர் முள்ளு இறங்குது... இன்னும்... மோட்டார் எழுந்துடுச்சு பாருங்க. பிரேக்கர் விழலை.

மாமா: விழலை.

மச்சான்: திங்கக்கிழமைக்குள்ள நாப்பதும் முடிஞ்சுடும், நானாச்சு. போர்டு எழுதறவரை எப்பக் கூப்பிடறீங்க?

மாமா: சட்டைப் பையில போட்டியே ஒரு துரு, அதை முதல்ல எடு.

மச்சான்: எந்த...

மாமா: எடு. ம்... தேக்கு. எட்டுப் பட்டையா சீவி, உப்புத்தாள் தேய்ச்சு, ரெண்டு கோட் பாலிஷ். கெடுக்கணும்னு சொருகற குச்சியைக்கூட உன்னால கரடுமுரடா விட முடியலை.

மச்சான்: மாமா, அது... அன்னிக்கு இருந்த கோவத்துல...

மாமா: எட்டுப் பட்டையும் சீவி முடிக்கற வரைக்கும் கோவம் இருந்துச்சா? நாலு நாள் முன்னாடி நான்தான் டியூபைக் கழட்டினேன். பாத்ததுமே யார் கைவேலைன்னு தெரிஞ்சுது. துடைச்சு அதே இடத்துல மறுபடி வெச்சேன். நீ வந்து உன் வாயால சொல்லிடுவன்னு நம்பி நாற்காலி நாப்பதையும் போட்டுட்டு உக்காந்திருந்தேன்.

மச்சான்: அக்கா... உனக்கும் தெரியுமா?

அக்கா: ...இலை போட்டு எவ்வளவு நேரமாச்சு தம்பி. எல்லாம் ஆறுது.

மச்சான்: தெரிஞ்சும் என்னைக் கூப்பிட்டு ஆழம் பாத்திருக்கீங்க. பேரு வரும்னு சொன்னீங்களே, அது மட்டும் என்னவாம்? அதுவும் பொய்தானே?

மாமா: பொய்யில்லை. நீ கோவிச்சுட்டுப் போன மூணாம் நாளே புது போர்டு எழுத வெச்சுட்டேன். அந்த சாக்குல இருக்கு, உன் பேருதான் முதல்ல. போறப்ப எடுத்துட்டுப் போயிடு, இங்க இனி மாட்ட முடியாது... உனக்குப் புடிக்குமேன்னு பின்பக்கமும் பாலிஷ் போடச் சொல்லியிருந்தேன்.